‘கணக்குக் கேப்பாங்களாம்மா?’ என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி:

வணக்கம் அக்கா. நான் ஒரு முதியோர் இல்லத்தில் ஏழு வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். இந்த மாதம் முழுக்க நைட் ஷிஃப்ட். எங்களிடம் இருக்கும் 86 வயது ஐயா ஒருவருக்கு இதயம் ரொம்பவும் பலவீனமாகிவிட்டது. இனி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று அவரும் டாக்டரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். சில வாரங்கள்தான் என்கிறார்கள். பகலெல்லாம் கண்ணை மூடியே கிடக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு நான் திருப்பிப் படுக்க வைக்கப் போனால் விழித்துக்கொண்டு, “செஞ்சதுக்கெல்லாம் கணக்குக் கேப்பாங்களாம்மா?” என்கிறார். நாலு ராத்திரியாக இதே கேள்வி. “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க ஐயா, தூங்குங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். அதற்கப்புறம் விடியும்வரை மனசு ஒரு நிலையில் இல்லை.

அவர் எந்த வழிபாட்டுக்கும் போனவர் இல்லை. சேர்ந்த அன்றைக்கே “எனக்கு அதெல்லாம் வேண்டாம்” என்று சொன்னவர். ஆனால் கூட வேலை பார்க்கும் ஒருவர் அவர் தலைமாட்டில் நின்று தன் மதத்துப் பிரார்த்தனையைச் சொல்கிறார். வெளியூரில் இருக்கும் மகனோ, “எங்க முறைப்படி ஆளைக் கூப்பிட்டு எல்லாம் செஞ்சிடுங்க” என்று போனில் சொல்கிறார். சூப்பர்வைசரிடம் கேட்டால், “உடம்பைப் பாத்துக்கறதுதான் உன் வேலை, மத்தது நமக்கெதுக்கு” என்கிறார். உண்மையிலேயே இது என் வேலை இல்லையா? அந்த ஐயாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த இரண்டு மணி. பகலில் டாக்டர் வந்துபோகிறார், மகன் போனில் பேசுகிறார், சூப்பர்வைசர் எட்டிப் பார்க்கிறார். அவர்கள் யாரிடமும் அவர் இதைக் கேட்கவில்லை. தன் முதுகுக்குக் கீழே கை கொடுத்துத் திருப்புகிறவரிடம், விளக்கு மங்கலாக இருக்கும் நேரத்தில் கேட்கிறார். இருபது வருடத்துக்கும் மேலாக நோய்த்தணிப்பு சிகிச்சையில், அதாவது கடுமையான நோயில் இருப்பவர்களின் வேதனையைக் குறைக்கும் பிரிவில், நர்ஸாக இருக்கிறேன். இந்த மாதிரிக் கேள்விகளை மனிதர்கள் ஆள் பார்த்துத்தான் கேட்பார்கள். அவர் ஆளைப் பார்த்து முடித்துவிட்டார். இது உங்கள் வேலையா இல்லையா என்று இனிமேல் சூப்பர்வைசர் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

அதற்காக அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நம் வேலை எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படித்தான் அவரும் பார்க்கிறார். குளிப்பாட்டியாச்சா, மருந்து கொடுத்தாச்சா, திருப்பிப் படுக்க வைத்தாச்சா என்று கட்டம் போட்டு டிக் அடிக்கும் தாளில் இந்தக் கேள்விக்குக் கட்டமே கிடையாது. ஆனால் அவரிடம் பேச வாய்த்தால் ஒன்று சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2002-ல் நோய்த்தணிப்பு சிகிச்சைக்கு வகுத்த விளக்கத்திலேயே உடல் வலி, மன வேதனை, சமூகப் பிரச்சினைகள் ஆகியவற்றோடு ஆன்மிக வேதனையையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது. ஆகவே நீங்கள் வேலைக்கு வெளியே போகவில்லை.

இந்தத் துறையைத் தொடங்கி வைத்த சிசிலி சாண்டர்ஸ் முதலில் ஒரு நர்ஸ். முதுகு வலி வந்து அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவ சமூகப் பணியாளராகி, பிறகுதான் டாக்டருக்குப் படித்தார். லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதி ஒருவர் புற்றுநோயில் செத்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு யூதர். குடும்பம் என்று பக்கத்தில் யாரும் இல்லை. தான் பூமிக்கு வந்து எதையும் விட்டுவைக்காமல் போகிறோமே என்பதுதான் அவருடைய வேதனை. சாண்டர்ஸ் அவரிடம் போய் உட்கார்ந்து பேசினார். சாகப்போகிறவர்களுக்கென்று ஓர் இல்லம் வேண்டும் என்ற பேச்சும் அதில் வந்தது. 1948-ல் டாஸ்மா இறக்கும்போது சாண்டர்ஸுக்கு 500 பவுண்டு எழுதி வைத்துவிட்டு, “உங்கள் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன்” என்ற பொருளில் சொல்லிவிட்டுப் போனார். அந்த இல்லம் எழும்ப 19 வருடம் ஆனது. 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்ற அந்த இல்லம் திறந்தபோது டாஸ்மாவுக்கான ஜன்னலும் அதில் இருந்தது. இறக்கப்போகிறவரின் வலியை உடம்பு, மனசு, குடும்பம், ஆன்மா என்று தனித்தனியாகப் பிரிக்க முடியாது, எல்லாம் சேர்ந்த ‘முழு வலி’ அது என்று சாண்டர்ஸ் பிறகு சொன்னதற்குப் பின்னால் இப்படிப் பல கட்டில்கள் இருக்கின்றன. டாஸ்மாவிடம் அவர் உட்கார்ந்து பேசியபோது அவர் டாக்டர் ஆகியிருக்கவில்லை என்பதை மட்டும் உங்களுக்காக அடிக்கோடிட்டு வைக்கிறேன்.

சரி, உங்கள் ஐயாவிடம் வருவோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர். கறாரானவர். போர்வையின் விளிம்பு கட்டிலுக்கு நேர்கோட்டில் இல்லாவிட்டால் நம்மைத் திரும்பக் கூப்பிட்டு மடிக்கச் சொல்வார். ஒருநாள் காலை அவர் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று, “என்னை மன்னிக்கிறதுக்கு இப்ப யாரு மிச்சம் இருக்கா?” என்றார். எனக்குப் பகீரென்றது. நகவெட்டியை வைக்கவில்லை, தலையை நிமிர்த்தவில்லை. “நீங்க யாருக்கும் கெடுதல் நினைச்சிருக்க மாட்டீங்க டீச்சர்” என்றேன். அவர் ‘உம்’ என்றார். அடுத்த காலை நீட்டினார். நாலு நாள் கழித்து இறந்துபோனார். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. யாரை நினைத்துக் கேட்டார், என்ன நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வாயை அடைத்துவிட்டேன். “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்று நீங்கள் சொல்வதும் இதே ரகம்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், நம்மில் பாதிப் பேருக்குப் பயத்தில் இதுதான் முதலில் வாயில் வரும்.

உங்களுக்கு ஒரு நல்ல காலம், அவர் நாலு ராத்திரியாகக் கேட்கிறார். இன்னும் கைவிடவில்லை.

அடுத்த முறை கேட்டால் பதில் தேடாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. திருப்பிப் படுக்க வைத்து, தலையணையைச் சரிசெய்து முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, உங்கள் கண்ணும் அவர் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வருகிற மாதிரி உட்காருங்கள். அப்புறம், “கணக்குன்னு எதை நினைச்சுக் கேக்கறீங்க ஐயா?” என்று கேளுங்கள். அவ்வளவுதான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கஷ்டமான பகுதி. பலவீனமாக இருப்பவர் ஒரு வார்த்தையைத் தேடி எடுக்க அரை நிமிஷம்கூட ஆகும். அந்த அரை நிமிஷம் நமக்கு அரை மணி நேரமாகத் தெரியும், ஏதாவது சொல்லி ரொப்பத் தோன்றும். நான் மனசுக்குள் முப்பது வரை எண்ணுவேன். பல தடவை இருபத்தைந்தைத் தாண்டித்தான் பேச்சு வந்திருக்கிறது.

‘எதை நினைச்சு’ என்று கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கணக்கு என்றதும் நாம் பாவ புண்ணியக் கணக்கு என்றே எடுத்துக்கொள்கிறோம். ஒரு பாட்டி இப்படித்தான், “கணக்கு முடிஞ்சிடுச்சா, கணக்கு முடிஞ்சிடுச்சா” என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். சாவு நெருங்கிவிட்டதை உணர்ந்து சொல்கிறார் என்று நாங்கள் எல்லாம் உருகிப்போனோம். கடைசியில் பார்த்தால், இல்லத்துக்குக் கட்ட வேண்டிய பணம் பாக்கி நின்று மகள் தலையில் விழுந்துவிடுமோ என்ற பயம். ஆபீஸிலிருந்து ரசீதைக் கொண்டுவந்து கையில் கொடுத்தோம். கண்ணாடியை மாட்டச் சொல்லி ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டு, தலையணை உறைக்குள் செருகி வைத்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி தூங்கினார். அதுவும் ஆன்மிகக் கவனிப்புதான் என்று நான் சாதிப்பேன், நீங்கள் சிரித்தாலும் சரி.

உங்கள் ஐயா சொல்வது அந்தக் கணக்கு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அவர் உண்மையிலேயே எதையோ சொல்ல ஆரம்பிக்கிறார். கேட்கவே கஷ்டமான விஷயமாகவும் இருக்கலாம். மனைவியை அடித்தது, தம்பியின் பங்கை எடுத்துக்கொண்டது, ஒரு பிள்ளையைக் கைவிட்டது என்று என்னென்னவோ கேட்டிருக்கிறேன். அப்போது “பரவாயில்லை” என்று சொல்லாதீர்கள். அந்த மனைவிக்கும் தம்பிக்கும் பதிலாக மன்னிக்கும் உரிமை நமக்கு இல்லை, அதை அவரும் அறிவார். “இவ்வளவு வருஷம் இதைச் சுமந்துகிட்டு இருந்திருக்கீங்க” என்று சொன்னால் போதும். நிஜமும் அதுதான். யாரிடமாவது பேச வேண்டுமா, ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்கலாம். என்னிடம் ஒருவர் தன் அக்காவுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். நாலே வரி. எழுதி, படித்துக் காட்டி, ஒரு வார்த்தையை மாற்றி, கையெழுத்தும் போட்டார். முகவரி கேட்டதும், “அனுப்ப வேண்டாம், இங்கயே இருக்கட்டும்” என்றார். இருந்தது. அவர் சொன்னதை ஷிஃப்ட் மாறும்போது அரட்டையில் அவிழ்த்துவிடக் கூடாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாருக்காவது இப்போது ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் பொறுப்பில் இருப்பவரிடம் போக வேண்டும்.

அவர் ஒன்றுமே சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டால்? அதுவும் சரிதான். “நாளைக்கும் இதே நேரத்துக்கு வருவேன் ஐயா” என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். சொன்னால் போய்விட வேண்டும், அது முக்கியம்.

இவ்வளவு சொன்ன பிறகு நர்ஸாக ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், சொல்லப்போனால் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆன்மிக வேதனை என்று பெயர் வைப்பதற்கு முன்னால் உடம்பைப் பாருங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு மல்லாந்து படுத்தால் நுரையீரலில் நீர் கோத்து, நடு ராத்திரியில் மூச்சுத் திணறி விழிப்பு வரும். மூச்சு முட்டுகிறவனுக்குச் சாவு பயம் தானாக வரும், அதற்குத் தத்துவம் ஒன்றும் தேவையில்லை. தலைப் பக்கம் கட்டிலை உயர்த்தியிருக்கிறார்களா? முகத்தில் காற்று படும்படி சின்ன மின்விசிறி இருக்கிறதா? மூச்சுத் திணறலுக்கு ‘மார்பின்’ என்ற வலி மருந்தை மிகக் குறைந்த அளவில் கொடுக்கலாம். டாக்டர் அதை எழுதி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அடிவயிற்றில் கை வைத்தால் மூத்திரப்பை கல் மாதிரி இருக்கிறதா, வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆனது, வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ‘ஆன்மா தவிக்கிறது’ என்று என்னைக் கூப்பிட்ட இடங்களில் மூத்திரக் குழாய் அடைத்துக்கொண்டிருந்ததை நான் ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. சிலர் வலி மருந்தை வேண்டாம் என்று தள்ளுவார்கள். கேட்டால் தைரியம் என்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், செய்ததற்கு இது தண்டனை, அனுபவித்தே தீர வேண்டும் என்ற எண்ணம் இருக்கும். கணக்குக் கேட்பார்களா என்று கேட்கும் ஒருவர் மருந்தை மறுத்தால் அதை டாக்டர் காதில் போடுங்கள். இன்னும் சிலர் பிரார்த்தனை நேரத்தில் மயக்கம் இருக்கக் கூடாது என்பதற்காக மறுப்பார்கள். அவர்களுக்கு மருந்து நேரத்தை மாற்றி அமைத்தாலே போதும்.

இப்போது தலைமாட்டில் நின்று பிரார்த்தனை சொல்கிறவர். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். என்கூடவும் அப்படிப்பட்டவர்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். நோயாளிகளை அன்பாகக் கவனிப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கட்டிலில் கிடப்பவரால் எழுந்து வெளியே போக முடியாது. பிடிக்காத ஒன்று நடக்கும்போது நமக்கெல்லாம் இருக்கும் அந்த ஒரு வசதி அவருக்கு இல்லை. அதனால்தான் அவர் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். டீ குடிக்கும் நேரத்தில் தனியாக, “ஐயா வேண்டாம்னு சொன்னவர், நீங்க மனசுக்குள்ள வேண்டிக்கோங்க” என்று சொல்லுங்கள். மனசுக்குள் வேண்டுவதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். கேட்காவிட்டால் சூப்பர்வைசரிடம் போங்கள். இது நிஜமாகவே அவர் தீர்க்க வேண்டிய விஷயம்.

ஆனால் பாருங்கள், ‘வேண்டாம்’ என்று அவர் சொன்னது சேர்ந்த அன்றைக்கு. அப்போது நடமாடிக்கொண்டிருந்திருப்பார். மனிதர்கள் மாறுவார்கள், மாறாமலும் இருப்பார்கள். ராத்திரி கணக்கைப் பற்றிக் கேட்டுவிட்டார் என்பதற்காக உள்ளுக்குள் பக்தர் ஆகிவிட்டார் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. கடவுள் இல்லை என்று வாழ்ந்தவருக்கும் தன் வாழ்க்கையை நினைத்து மனசு உறுத்தும். நேராகவே கேட்டுவிடுங்கள்: “இங்க வந்தப்ப இதெல்லாம் வேண்டாம்னு சொன்னீங்க. இப்பவும் அப்படித்தானா, இல்ல யாரையாவது பாக்கணும்னு தோணுதா?” எந்தப் பதில் வந்தாலும் கேஸ் ஷீட்டில் தேதி போட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். மகனுக்குச் சொல்லப்போகும் பதிலும் அதிலிருந்துதான் வர வேண்டும்.

மகனிடம் நீங்கள் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். தெளிவாக இருக்கும்வரை தன் கட்டிலைச் சுற்றி என்ன நடக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் தகப்பன்தான். இதை டாக்டரோ சூப்பர்வைசரோ மகனிடம் சொல்வதே முறை. ஆனால் அந்த மகன் எதற்காக இப்படி வற்புறுத்துகிறார் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். தூரத்தில் இருக்கிறார், கையால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ‘எல்லாம் செஞ்சிடுங்க’ என்று சொல்வது ஒன்றுதான் அவரால் முடிகிறது. அவர் இருக்கும் இடத்தில் தனக்கு நிம்மதி தரும் பிரார்த்தனையை நடத்திக்கொள்ளலாமே. அப்பாவுக்குப் போன் போட்டு, காதருகே பிடிக்கச் சொல்லிப் பேசலாம். என்ன பேசுவது என்று திணறுவார். சின்ன வயசில் அப்பா தன்னைத் தூக்கிக்கொண்டு போன ஒரு இடத்தைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். இறந்த பிறகு என்ன செய்வது என்பது வேறு கேள்வி. அதில் மகனுக்கும் இடம் இருக்கிறது. ஐயாவிடமே, “உங்களுக்கப்புறம் மகன் அவர் இஷ்டப்படி செஞ்சுக்கட்டுமா?” என்று கேட்டுவிடலாம். “நான் போனப்புறம் அவன் என்ன வேணா பண்ணிக்கட்டும்” என்று சிரித்துக்கொண்டே சொன்ன ஆட்களை எனக்குத் தெரியும்.

மதப் பற்று உள்ள மற்றவர்கள் விஷயத்திலும் நாம் ஒரு தப்பு செய்கிறோம், கடைசி மணி நேரத்துக்காகக் காத்திருக்கிறோம். கத்தோலிக்கர்களின் நோயில்பூசுதலை, அதாவது பாதிரியார் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கை, எடுத்துக்கொள்ளுங்கள். அது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் உரியது இல்லை என்று 1963-லேயே அவர்களுடைய ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. இருந்தும் நினைவு தப்பிய பிறகுதான் பாதிரியாருக்குப் போன் போகிறது. நினைவோடு இருக்கும்போது வந்தால் அவரும் சேர்ந்து ஜெபிக்கலாம், மனசு விட்டுப் பேசலாம். அதேபோல இறந்த உடலை யார் தொடலாம், யார் குளிப்பாட்ட வேண்டும், எந்தப் பக்கம் முகத்தைத் திருப்ப வேண்டும், எவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும் என்பதில் மதத்துக்கு மதம் வித்தியாசம் உண்டு. ஒரே மதத்தில் வீட்டுக்கு வீடு வித்தியாசம் உண்டு. புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதைவிட அந்த மனிதரிடம் கேட்டுக்கொள்வது மேல்.

எப்போது கேட்பது? சேர்ந்த முதல் மாதத்திலேயே. அமெரிக்க டாக்டர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1996 வாக்கில் இதற்கென்றே ஒரு கேள்வி வரிசை தயாரித்தார். எதில் உங்களுக்கு நம்பிக்கை, அது உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம், உங்களோடு சேர்ந்த கூட்டம் என்று யாராவது உண்டா, இதில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நாலு விஷயம். கனடாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினாவ் ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்: உங்களை நன்றாகக் கவனித்துக்கொள்ள, ஒரு மனிதராக உங்களைப் பற்றி நாங்கள் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கடவுள் நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே மாதிரி பதில் சொல்ல முடிகிற கேள்வி அது. ஒருவர் ‘நான் லேத் பட்டறையில 40 வருஷம் இருந்தவன், என் கையில அழுக்கு இருந்தா நீங்க சங்கடப்படாதீங்க’ என்றார். அதை அவர் அட்டையில் எழுதி வைத்தோம். அதற்கப்புறம் அவர் கையைத் துடைக்கிறவர்கள் எல்லோரும் அந்தக் கையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள்.

உங்கள் ஐயாவுக்குச் சில வாரங்கள் என்றால் இதையெல்லாம் விரிவாகச் செய்ய நேரமில்லை. ஆனால் கடைசி நாட்களில் என்ன பார்ப்பீர்கள் என்று தெரிந்தால் பயம் குறையும். மூச்சு வேகமாகி, மெதுவாகி, நின்று, மறுபடி தொடங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செயின், ஸ்டோக்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதி வைத்த மூச்சு இது, அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. நின்ற இடைவெளியில் பக்கத்தில் இருப்பவர்தான் தவித்துப்போவார். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரலாம். விழுங்க முடியாத எச்சில் அங்கே தேங்குவதால் வருவது. பெரும்பாலும் அவருக்கு அது தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும். செத்துப்போன அம்மா வந்து நிற்கிறாள், அண்ணன் கூப்பிடுகிறான் என்று சொன்னால் மறுத்துப் பேசாதீர்கள். அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஹாஸ்பிஸில் கிறிஸ்டோபர் கெர் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான நோயாளிகள் இப்படிக் கனவோ காட்சியோ கண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். இறந்தவர்கள் வருகிற கனவுகள்தான் அதிக ஆறுதலாக இருந்திருக்கின்றன. “அம்மா என்ன சொன்னாங்க ஐயா?” என்று கேளுங்கள். பயந்து அலறுகிறார், ஊசியைப் பிடுங்குகிறார், இடம் தெரியாமல் குழம்புகிறார் என்றால் அது வேறு. அது சன்னி, டாக்டரைக் கூப்பிட வேண்டியது.

பேச்சு நின்ற பிறகும் பேசுங்கள். 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர், பதில் கொடுக்க முடியாத நிலையில் இருந்த ஹாஸ்பிஸ் நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். ஒலி மாறும்போது சில நோயாளிகளின் மூளை, ஆரோக்கியமாக இருப்பவர்களின் மூளை காட்டுவது போன்ற மாற்றத்தையே காட்டியது. வார்த்தை புரிகிறது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் கட்டிலுக்கு மேலே நின்று, “இன்னைக்குத் தாண்டாது போல” என்று பேசாமல் இருக்க அது போதுமான காரணம். ஈரப் பஞ்சால் உதட்டை ஒற்றும்போது, “உதட்டை நனைக்கிறேன் ஐயா” என்று சொல்லிவிட்டே ஒற்றுங்கள்.

இறந்த பிறகு உங்கள் இல்லத்தில் என்ன செய்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பல இடங்களில் ராத்திரியோடு ராத்திரியாகப் பின் வாசல் வழியாக எடுத்துப் போய்விட்டு, காலையில் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் பயந்துவிடுவார்களாம். பக்கத்துக் கட்டில்காரருக்கு அது தெரியாதா என்ன? நாளைக்குத் தன்னையும் இப்படித்தான் சத்தமில்லாமல் எடுத்துப்போவார்கள் என்று அவர் புரிந்துகொள்கிறார். அவரிடம் போய், “ஐயா ராத்திரி மூணு மணிக்குப் போயிட்டாரு, நான் கூட இருந்தேன்” என்று சொல்லுங்கள். பார்க்க வேண்டும் என்றால் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, அனுமதி மட்டும் வேண்டும். சூப்பர்வைசரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

உங்களைப் பற்றிக் கொஞ்சம். மனசு ஒரு நிலையில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏழு வருடத்தில் எத்தனை பேருக்குக் கண்ணை மூடிவிட்டிருப்பீர்கள், அடுத்த நிமிஷமே அடுத்த அறையின் மணி அடித்திருக்கும். அழ நேரம் இல்லாமல் போன சாவுகள் எங்கேயும் போய்விடுவதில்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒருவர் இறந்தால் அன்றைய ஷிஃப்டில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தக் கட்டிலைச் சுற்றி இரண்டு நிமிஷம் நிற்போம். ஆளுக்கு ஒரு ஞாபகம் சொல்லலாம், சும்மாவும் நிற்கலாம். “என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாம கடைசிவரைக்கும் ‘ஏய் சிஸ்டர்’னுதான் கூப்பிட்டாரு” என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்து, அப்புறம் அழுதிருக்கிறோம். உங்கள் இல்லத்தில் இந்த வழக்கம் இல்லையென்றால், உங்களோடு நிற்க ஒரே ஒருவர் கிடைத்தாலும் தொடங்கிவிடலாம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. நைட் ஷிஃப்ட் இந்த மாதத்தோடு முடிந்து நீங்கள் பகலுக்கு மாறிவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு அவரிடம் வேறு ஒருவர் போவார். அவருக்கு ஷிஃப்ட் குறிப்பில் ‘திருப்பிப் படுக்க வைக்கவும்’ என்பதோடு, ‘இந்த நேரத்தில் பேச விரும்புவார், நாற்காலி போட்டு உட்காரவும்’ என்றும் எழுதி வையுங்கள். அதோடு, நீங்கள் வேலையில் இல்லாத நேரத்தில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் உங்களுக்குப் போன் செய்யச் சொல்லி, உங்கள் நம்பரையும் அந்தக் குறிப்பிலேயே போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா